தலைப்பிரசவம் தாய்வீட்டில், முதல் பரிசோதனை எங்கே?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து குடியேறியவர்களும் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடக்கும். கை நிறைய வளையல் அடுக்கி, கலந்த சாதம் கட்டி, பெண்ணை ஊருக்கு அழைத்துப் போவார்கள். தருமபுரியோ, திருவண்ணாமலையோ, வேலூரோ, எந்த ஊரானாலும் பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பெண்ணுக்குத் தைரியம். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த நல்ல வழக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்ட வழக்கமும் வருகிறது. "பிரசவம் எப்படியும் ஊரில்தானே! டாக்டர், மருந்து எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்று முதல் மாதங்களைச் சும்மா கழித்து விடுகிறார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதிகள் பலருக்கு, இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பெயர் பதிய வேண்டும் என்பதே தெரிவதில்லை. கேட்டுத் தெரிந்து கொள்ளவும் முயல்வதில்லை. ஊருக்குப் போகும் பெண்ணுக்கு ஊரில் வைத்தியம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பிரசவத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளுங்கள். முதல் பரிசோதனையை மட்டும் இருக்கிற ஊரிலேயே, மூன்று மாதம் முடிவதற்குள் செய்து கொள்ளுங்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

மறைப்பது யாரிடம்?

பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். கண் பட்டுவிடும் என்று காரணமும் சொல்வார்கள். கண்படுவதில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த வழக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக் கொள்ளலாம். கரு கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது. ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வேதனையை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாம் என்று முன்னோர்கள் நினைத்திருக்கலாம்.

சரி, உறவினரிடம் மறையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் மறையுங்கள். டாக்டரிடமும் நர்சிடமும் மறைப்பது என்ன நியாயம்? கரு கலையும் ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் என்றால், அந்த மூன்று மாதத்தில்தானே டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்?

"எங்கள் பாட்டி எட்டு பெற்றாள், எந்த டாக்டரைப் பார்த்தாள்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாட்டி பிழைத்ததால்தான் அவளைப் பற்றிப் பேசுகிறோம். பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இறந்துபோன தாய்மார்களின் எண்ணிக்கை 2014-16 கணக்கில் 130. 2018-20 கணக்கில் அது 97. அதே கணக்கில் கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. எண்ணிக்கை தானாகக் குறையவில்லை. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததால் குறைந்தது. கேரளத்தின் எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்பதும் தெரியும்.

ஏன் இந்த அவசரம்?

ஏழாம் மாதம் செய்கிற பரிசோதனையை ஏழாம் மாதமே செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் காரணம் ரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்த சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான சோகை. இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதம் ஒன்றுக்குச் சுமார் ஒரு கிராம் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். மூன்றாம் மாதம் 8 கிராம் இருப்பவளுக்கு ஏழாம் மாதத்துக்குள் 11 ஆக்கிவிட வழி இருக்கிறது. அதே 8 கிராம் ஒன்பதாம் மாதம் தெரிய வந்தால் மாத்திரைக்கு ஏது நேரம்? அப்போது ரத்தம் ஏற்ற ஓட வேண்டியதுதான். நோய் ஒன்றுதான். தெரிந்துகொண்ட மாதம்தான் வேறு.

இரண்டாவது ரத்த அழுத்தம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிலருக்கு அழுத்தம் ஏறி, காலும் முகமும் வீங்கி, வலிப்பு வரை போய்விடும். அப்படி ஏறும்போது, இது கர்ப்பத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று டாக்டர் பார்க்க வேண்டும். தொடக்க மாதங்களில் எடுத்த கணக்கு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் முறையாக எட்டாம் மாதம் வந்து நிற்பவளுக்கு எதை வைத்து ஒப்பிடுவது?

மூன்றாவது சர்க்கரை. கர்ப்ப காலத்தில் மட்டும் வருகிற சர்க்கரை உண்டு. முன்பே இருந்து தெரியாமல் போன சர்க்கரையும் உண்டு. அதனால்தான் முதல் பரிசோதனையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் பார்க்கிறார்கள்.

நான்காவது ரத்தப் பிரிவு. தாய்க்கு நெகட்டிவ், தகப்பனுக்குப் பாசிட்டிவ் என்றால் குழந்தையைப் பாதுகாக்க உரிய காலத்தில் ஊசி போட வேண்டும். தொடக்கத்தில் ரத்தப் போக்கு ஏற்பட்டாலும் இந்தப் பிரிவு தெரிந்திருப்பது அவசியம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் மணம் முடித்தவர்கள் அதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். தைராய்டு, வலிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டை எடுத்துக் காட்ட வேண்டும். கர்ப்பத்தில் ஆகாத மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுப்பார். நாமாக நிறுத்துவதும் தவறு, தொடர்வதும் தவறு.

ஐந்தாவது போலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், நாள் தள்ளிப் போய் இரண்டு வாரம் ஆவதற்குள்ளாகவே மூடிக் கொள்கிறது. அது சரியாக மூடுவதற்கு உதவுவது போலிக் அமில மாத்திரை. தினம் 400 மைக்ரோ கிராம். கருவுறுவதற்கு முன்பே தொடங்கி 12 வாரம் வரை சாப்பிட வேண்டும். ஆகவே குழந்தை வேண்டும் என்று தம்பதிகள் நினைக்கும்போதே டாக்டரைக் கேட்பது நல்லது. நாள் தள்ளிப் போன பிறகும் தாமதிக்காமல் போனால் மிச்சமுள்ள வாரங்களுக்காவது பயன் உண்டு. வளைகாப்புக்குப் பிறகு இதைத் தொடங்கி அந்தக் குழாய்க்கு என்ன பயன்?

ரத்தம் எடுத்தால் பலம் போய்விடும் என்று பயப்படும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனை சோதனைக்கும் எடுப்பது இரண்டு தேக்கரண்டி ரத்தம் இருந்தால் அதிகம். ஸ்கேன் என்பது எக்ஸ்ரே அல்ல. ஒலி அலையால் பார்ப்பது. கரு கர்ப்பப்பையில்தான் தங்கியிருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, எத்தனை வாரம் என்பதை முதல் ஸ்கேனில் பார்க்கிறார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைக் கேட்பதற்காக ஸ்கேனுக்குப் போகாதீர்கள்.

எங்கே போவது?

சிறுநீர் சோதனை செய்யும் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆஷா பணியாளரிடம் இலவசமாகவும் கேட்டு வாங்கலாம். இரண்டு கோடு தெரிந்தால் அந்த வாரத்திலேயே பெயர் பதிய வேண்டும். நம் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், மாநகராட்சியின் மகப்பேறு ஆஸ்பத்திரி, நம்ம கிளினிக் எதிலும் போய்க் கேட்கலாம். அங்கன்வாடி ஆயாவைக் கேட்டாலும் எந்த ஆஷா பணியாளர் நம் தெருவுக்கு வருகிறார் என்று சொல்லுவார். ஆபத்து அதிகம் என்று கருதும் கேஸ்களை வாணி விலாஸ் போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவார்கள்.

பெயர் பதிந்ததும் கர்நாடகத்தில் 'தாயி கார்டு' கொடுப்பார்கள். தாய் அட்டை என்று நாம் சொல்லலாம். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், போட்ட ஊசி எல்லாம் அதில் ஏறும். ரண ஜன்னித் தடுப்பூசியைப் பதிந்த உடனே ஒன்றும், நான்கு வாரம் கழித்து ஒன்றும் போடுவார்கள். இந்த ஊசியும் சுத்தமான பிரசவமும் பரவியதால்தான், பச்சிளங் குழந்தைகளைக் கொன்று வந்த ரண ஜன்னியை ஒழித்த நாடு என்று 2015-இல் இந்தியா பெயர் எடுத்தது.

போகும்போது கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்துக் கொண்டு போங்கள். அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி கிடைக்கும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. பத்து மாதம் சுமந்தேன் என்று நம் தாய்மார்கள் சொல்வதும் சரியான கணக்குதான். 40 வாரம் என்பது 28 நாள் கொண்ட பத்து மாதம். அடுப்படிக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். ஏதாவது ஒன்று இல்லை என்பதற்காக வீட்டிலேயே உட்கார்ந்து விடாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகு காகிதம்.

பணம் இல்லை என்பதும் தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன் உட்பட, இலவசம் என்பது 2011-இல் வந்த மத்திய அரசுத் திட்டம். தகுதியுள்ள ஏழைக் குடும்பப் பெண்களுக்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரும் பிரதமரின் தாய்மைத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. அதன் முதல் தவணை 3,000 ரூபாய். அதைப் பெற, கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவும் ஒரு பரிசோதனையாவதும் முடிந்திருக்க வேண்டும். ஏழாம் மாதம் முதல் முறையாகப் போய் நிற்பவருக்கு அது கைவிட்டுப் போகும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஏற்பாடு 2016 முதல் நடக்கிறது. அது நான்காம் மாதத்திலிருந்து உள்ளவர்களுக்கானது. அந்த நாளுக்காக முதல் பதிவைத் தள்ளிப் போடக் கூடாது.

மொழி ஒரு சுவரா?

கன்னடம் தெரியாது என்பதால் கவுண்டரில் போய் நிற்கவே கூச்சப்படும் பெண்கள் உண்டு. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு மாதமே ஆனவளுக்கு அந்தப் பயம் இயல்பு. ஆனால் பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் புரிந்தவர் ஒருவராவது அகப்படாமல் போவது அரிது. நாமும் நாலு சொல் கற்றுக் கொள்ளலாம். வாந்தியைக் கன்னடத்திலும் வாந்தி என்றே சொல்கிறார்கள். வயிற்று வலி என்றால் 'ஹொட்டெ நோவு'. மாதவிலக்கு என்றால் 'முட்டு'. ரத்தப் போக்கு 'ரக்தஸ்ராவ'. இந்த நாலு சொல்லும் ஒரு உயிரைக் காக்கும்.

ஏனென்றால் முதல் மூன்று மாதத்தில் சில அறிகுறிகளை மசக்கை என்று தள்ளிவிட முடியாது. ரத்தம் படுதல், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், குளிர் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கரு குழாயில் தங்கிவிட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எண் ஒன்றுதான்.

மொழிச் சிக்கலைத் தீர்க்க முதல் ஆள் கணவன். அவன் இங்கே வேலை செய்கிறவன். கடையிலும் பஸ்ஸிலும் கன்னடம் பேசிப் பழகியவன். முதல் பரிசோதனைக்கு அரை நாள் லீவு போட்டு மனைவியோடு போவது அவன் கடமை. "இதெல்லாம் பெண்கள் சமாசாரம்" என்று ஒதுங்குகிறவன், ரத்தப் பிரிவு கேட்கும்போது என்ன சொல்வான்? மாமியார் துணைக்குப் போகலாம். கணவனுக்குப் பதிலாகப் போகக் கூடாது.

வேலைக்குப் போகும் பெண்கள்

இந்த நகரத்துக் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் நிறையப் பேர் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புகிறார்கள். கர்ப்பம் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி மறைக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பேறுகாலச் சலுகைச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் செய்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு லீவு என்று ஆக்கியது. பின்னால் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிற இடத்தில் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். கரு கலைந்து போனாலும் ஆறு வாரச் சம்பளத்தோடு லீவு உண்டு. இந்தக் கடைசி உரிமை பலருக்குத் தெரியாது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். ஆஸ்பத்திரியில் பதியாதவளுக்குச் சீட்டு ஏது?

கட்டட வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். அவர்களுக்கு லீவு உரிமையைச் சொல்வதைவிட, கட்டடம் நடக்கும் இடத்துக்கே ஆஷா பணியாளர் வரும்படி செய்வதுதான் பயன். மேஸ்திரிகள் மனம் வைத்தால் நடக்கக் கூடிய காரியம் அது.

ஊருக்குப் போகும்போது

இங்கே பதிந்துவிட்டால் ஊரில் பிரசவம் பார்க்க முடியாது என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அப்படி இல்லை. தாய் அட்டையையும், ரத்தச் சோதனைத் தாள்களையும், ஸ்கேன் தாள்களையும் ஒரு பையில் போட்டு, பெட்டிக்குள் வைக்காமல் கையோடு கொண்டு போங்கள். சோதனைத் தாள்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு நர்சுக்கும் டாக்டருக்கும் படிப்பதில் சிரமம் இருக்காது. ஊருக்குப் போனதும் அங்குள்ள கிராம சுகாதார நர்சிடம் காட்டிப் பதிந்து கொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு முதல் முறையாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் விஷயத்திலும் தமிழ்நாட்டில் கர்ப்பப் பதிவு எண்ணைக் கேட்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஊரில் பிரசவம் பார்க்கும் டாக்டர் அந்தப் பெண்ணை அன்றுதான் முதலில் பார்க்கிறார். ஏழு மாதக் கதை அவருக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லப் போவது கையில் உள்ள அட்டை ஒன்றுதான். அட்டை வெறுமையாக இருந்தால், எவ்வளவு நல்ல டாக்டரும் இருட்டில் கை நீட்டுகிறவர்தான்.

சங்கங்கள் கவனிக்கட்டும்

பெங்களூரில் நமக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழா, பட்டிமன்றம், கவியரங்கம் எல்லாம் சிறப்பாகவே நடக்கின்றன. அதோடு ஒரு சிறு காரியத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். எந்தத் தெருக்காரர் எந்த ஆஸ்பத்திரியில் பதிய வேண்டும், எந்த நாள் எத்தனை மணிக்குப் போக வேண்டும், என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். கோவில் வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டலாம். இரண்டு மொழியும் தெரிந்த பெண்கள் வாரத்துக்கு ஒரு நாள் புதிதாக வந்தவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகலாம். அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

மாநகராட்சியும் தன் பங்கைச் செய்ய வேண்டும். தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் நிறைந்த வட்டாரங்களில் மகப்பேறு ஆஸ்பத்திரிகளின் அறிவிப்புப் பலகை அந்தந்த மொழியிலும் இருந்தால் கன்னடத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உரிமை கேட்டு நடத்தும் சண்டை அல்ல இது. ஒரு கர்ப்பிணிக்கு வழி காட்டும் பலகை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். மகள் முழுகாமல் இருப்பதாகப் போன் வந்ததும், "சாப்பிட்டாயா, வாந்தி எடுக்கிறாயா" என்று கேட்பது தாயின் பாசம். அதோடு, "ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாயா, ரத்தம் பார்த்தாயா, மாப்பிள்ளை கூட வந்தாரா" என்றும் கேளுங்கள். பதியவில்லை என்றால் பதியும்வரை விடாதீர்கள். வளைகாப்பு வரை காத்திருக்கலாம், வளையலும் காத்திருக்கும். முதல் மூன்று மாதம் யாருக்காகவும் காத்திருக்காது.